மைனஸ் ரெண்டு ஸ்கொயர் எவ்வளவு?

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா எல்லாம் வேண்டாம். -2^2 எவ்வளவு? (அந்தத் தொப்பி மாதிரி இருப்பது அடுக்குக்குறி. 2^2 என்றால் ரெண்டு ஸ்கொயர்.)

பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர்கள் -4 என்பீர்கள். முதலில் வர்க்கம், அப்புறம்தான் மைனஸ். சரி, இப்போது எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் =-2^2 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 4 வரும். மைனஸைக் காணோம்.

"ஹய்யா, எக்செல்லே தப்பு!" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு கட்சி. "எக்செல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் கணக்கு மறந்துபோச்சு" என்று தலையைச் சொறிகிறவர்கள் இன்னொரு கட்சி. இந்தப் பதிவு இரண்டு கட்சியோடும் சண்டை போட எழுதியது. :-)

என் சோகக் கதையில் ஆரம்பிக்கிறேன். பி.காம். புள்ளியியல் தாளுக்கு லேபில் ஒரு பயிற்சி. இயல்நிலைப் பரவல் வளைகோடு வரைய வேண்டும். பாடப் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்குமே, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் மணி. அதற்கான சூத்திரத்தில் 'ஈ'யின் அடுக்காக மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் பை ரெண்டு என்று வரும். புத்தகத்தில் இருந்தபடியே ஓர் எழுத்து மாறாமல் லேபில் இருந்த விரிதாளில் அடித்தேன். மைனஸ் 3 முதல் 3 வரை இழுத்துவிட்டேன். வந்தது மணி இல்லை, கிண்ணம். நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் விர்ரென்று வானத்துக்குப் போகிறது.

எண்களையும் பாருங்கள். 0-க்கு 0.3989, சரி. 1-க்கு 0.2420 வர வேண்டும், வந்தது 0.6577. 3-க்கு 0.0044 வர வேண்டும், வந்தது 35.91. நிகழ்தகவுக் கோட்டின் கீழ் உள்ள மொத்தப் பரப்பே 1 தான். அதில் 35 என்றால், நூற்றுக்கு மூவாயிரம் மார்க் வாங்கிய மாதிரி!

பொறுப்பில் இருந்த ஆசிரியர் பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுப்பா. நீதான் ஃபார்முலாவைத் தப்பா அடிச்சிருப்பே" என்றார். மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் கிண்ணம். ரெக்கார்டில் ரெண்டு மார்க் போனது. மார்க் போனதில்கூட வருத்தமில்லை. 'கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது' என்ற அந்த வாக்கியத்தை விடைபோலச் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நான் ஃபார்முலாவைத் தப்பாக அடிக்கவில்லை. கம்ப்யூட்டரும் அதன் விதிப்படி தப்பு பண்ணவில்லை. புத்தகம் ஒரு விதிப்படி எழுதியதை விரிதாள் வேறு விதிப்படி படித்தது. அப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்பதையே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாம் அடிக்கிற சூத்திரம் கம்ப்யூட்டருக்குக் கணக்கு இல்லை, வெறும் எழுத்து வரிசை. அதைக் கணக்காக மாற்ற நடுவில் ஒருவர் உட்கார்ந்து 'படிக்க' வேண்டும். எது எதோடு சேரும், எது முதலில், எது பிறகு என்று பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவருக்குப் பார்சர் என்று பெயர். நம் தமிழ் இலக்கண வகுப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பொதுமொழிக்கு உதாரணமாக 'வேங்கை' சொல்வார்களே. சேர்த்துப் படித்தால் புலி (அல்லது மரம்), 'வேம் கை' என்று பிரித்துப் படித்தால் வேகின்ற கை. எழுத்து ஒன்றுதான், பிரிக்கிற இடம்தான் வேறு. -2^2 என்பதும் ஒரு வேங்கைதான். மைனஸை 2-ஓடு ஒட்டிவிட்டு அப்புறம் வர்க்கம் பண்ணினால் 4. வர்க்கம் பண்ணிவிட்டு அப்புறம் மைனஸ் போட்டால் -4.

எக்செல் இதை ஒளித்து வைக்கவும் இல்லை. எந்தச் செயல் முதலில் என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எண்ணுக்கு முன்னால் வரும் மைனஸ் அடுக்குக்குறியைவிட மேலே நிற்கிறது. ஆக இது பிழை இல்லை, எடுத்த முடிவு. அதனால் "எக்செல் தப்பு" கட்சிக்காரர்களே, உட்காருங்கள்.

"எக்செல் சொன்னால் சரி" கட்சிக்காரர்கள் அவசரப்பட்டு எழுந்திருக்க வேண்டாம். அதே எக்செல்லுக்குள் மேக்ரோ எழுத விபிஏ என்று ஒரு மொழி இருக்கிறது. அதில் -2^2 என்று எழுதினால் -4! ஒரே மென்பொருள், கட்டத்தில் அடித்தால் ஒரு விடை, மேக்ரோவில் அடித்தால் இன்னொரு விடை. எதைச் சரி என்பீர்கள்?

பைத்தானில் -4. ஜாவாஸ்கிரிப்ட் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2016-ல் அந்த மொழியில் அடுக்குக்குறியைச் சேர்த்தபோது, இப்படி எழுதினால் விடையே தராமல் பிழை என்று நிறுத்தும்படி வைத்துவிட்டார்கள். "நீ எதைச் சொல்கிறாய் என்று தெரியவில்லை, அடைப்புக்குறி போட்டுவிட்டு வா" என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நேர்மை!

மைனஸ் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2^3^2 எவ்வளவு? எக்செல்லில் 64, பைத்தானில் 512. (பைத்தானில் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம் போட வேண்டும்.) முதலாமவர் இடமிருந்து வலம் போகிறார், 8-ன் வர்க்கம் 64. இரண்டாமவர் வலமிருந்து வருகிறார், 2-ன் 9-ஆம் அடுக்கு 512. கணிதப் புத்தகங்களின் வழக்கம் இரண்டாவதுதான்.

1+2×3? விண்டோஸ் கால்குலேட்டரை ஸ்டாண்டர்டு முறையில் வைத்து அடித்தால் 9. சயின்டிஃபிக் முறைக்கு மாற்றி அடித்தால் 7. போட்மாஸ் படித்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஸ்டாண்டர்டு முறை ஃபெயில்!

இனி நம்ம ஏரியா. 100+10% எவ்வளவு? பல போன் கால்குலேட்டர்களில் 110. எக்செல்லில் 100.1, ஏனென்றால் அதற்கு 10% என்றால் வெறும் 0.1. சில மேஜைக் கால்குலேட்டர்களில் 111.11 வரும். அதுவும் தப்பில்லை. அடக்கவிலை 100, லாபம் விற்பனை விலையில் 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. 100-ஐ 0.9-ஆல் வகுத்தால் 111.11. கடைக்காரருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. ஆக ஒரே சாவிகள், மூன்று விடைகள். இதில் எதை நம்பி பில் போடுவது என்று காமர்ஸ் படிக்கிற நாம்தான் சொல்ல வேண்டும். நமக்கோ இப்படி மூன்று இருக்கிறது என்பதே தெரியாது.

இன்னும் ஒன்று. பணம் தொடர் கூட்டுவட்டியில் வருடத்துக்கு 8 சதவீதம் வளர்ந்தால் இரட்டிப்பாக எத்தனை வருடம்? 2-ன் இயல் மடக்கையை 0.08-ஆல் வகுக்க வேண்டும், 8.66 வருடம். இதையே எக்செல் கட்டத்தில் 'லாக்' போட்டு எழுதினால் 3.76 வருடம் என்கும். அங்கே லாக் என்றால் 10-ஐ அடிமானமாகக் கொண்டது. இயல் மடக்கைக்கு 'எல்என்' என்று தனியாக இருக்கிறது. விபிஏ மேக்ரோவிலோ லாக் என்றாலே இயல் மடக்கை. மறுபடி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. எட்டரை வருடத்தில் நடக்கிறதை மூணே முக்கால் வருடத்தில் நடக்கும் என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு நம்ம ஆட்களும் ஒரு காரணம். முதன்முதலில் பிரபலமான விரிதாள் விசிகால்க், 1979-ல் வந்தது. அதை யோசித்த டான் பிரிக்லின் அப்போது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவர். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து உருவாக்கினார். அந்த விசிகால்க்கில் போட்மாஸ் எல்லாம் கிடையாது. சாதாரணக் கால்குலேட்டர் மாதிரி இடமிருந்து வலமாகப் போகும், 1+2*3 என்றால் 9. அப்புறம் வந்த விரிதாள்கள்தான் பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தன. அதாவது, ஒரு சூத்திரத்தை எப்படிப் படிப்பது என்பது வானத்திலிருந்து விழுந்த விதி இல்லை. யாரோ ஒரு மாணவர் உட்கார்ந்து எடுத்த முடிவு. இன்னொருவர் வேறு முடிவு எடுக்கலாம். எடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். பணம் சம்பந்தப்பட்ட சூத்திரத்தைப் படிக்கிற ஆள் சின்ன ஆளாக இருக்க வேண்டும், கணக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாதவராக இருக்க வேண்டும், தன் விதியை வெளியே எழுதி ஒட்டியவராக இருக்க வேண்டும்.

இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததில் பிடித்தது டைனிஎக்ஸ்பர் என்ற ஒரு குட்டி லைப்ரரி. (லைப்ரரி என்றால் நூலகம் இல்லை. மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் எடுத்துச் சேர்த்துக்கொள்ள எழுதிவைத்த நிரல்.) சி மொழியில் எழுதப்பட்டது. மொத்தமே இரண்டு கோப்புகள். இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது. "5*5" என்ற எழுத்தைக் கொடுத்தால் 25 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கோப்பைத் திறக்கத் தெரியாது, இணையத்துக்குப் போகத் தெரியாது, எதையும் அழிக்கத் தெரியாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி, அடுக்கு, சைன், காஸ், வர்க்கமூலம், மடக்கை என்று கணக்குச் சாமான்கள் மட்டும். சூத்திரம் புரியாவிட்டால் எந்த இடத்தில் தடுக்கியது என்றும் சொல்லும்.

நான் புரோகிராமர் இல்லை. சி மொழி ஒரு செமஸ்டர் விருப்பப் பாடம், அதுவும் தட்டுத் தடுமாறித் தேறியது. அப்படிப்பட்ட நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதன் இலக்கணத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன். ஒரு படிக்கட்டு மாதிரி அமைத்திருக்கிறார்கள். மேல் படியில் இருப்பவருக்குக் கூட்டவும் கழிக்கவும் மட்டும் தெரியும். அவருக்குக் கூட்ட வேண்டிய துண்டுகள் வேண்டும், கீழ்ப் படிக்காரரிடம் கேட்பார். அவருக்குப் பெருக்கல், வகுத்தல், மீதி மட்டும் தெரியும், தனக்கு வேண்டியதை இன்னும் கீழே கேட்பார. அங்கே அடுக்குக்குறிக்காரர். அதற்கும் கீழே மைனஸ் பிளஸ் குறியை ஒட்டுகிறவர். எல்லாவற்றுக்கும் அடியில் எண், மாறி, அடைப்புக்குறி. 5+3*2 என்று கொடுத்தால் மேல் படிக்காரருக்கு 5 என்று ஒரு துண்டும் 6 என்று ஒரு துண்டும்தான் வந்து சேரும். 3*2 கீழேயே முடிந்துவிட்டது. பெருக்கலுக்கு முன்னுரிமை என்பது வேறெங்கும் தனியாக எழுதப்படவில்லை, அவர் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதிலேயே இருக்கிறது.

இப்போது என் கிண்ணத்தின் ரகசியமும் தெரிந்துவிட்டதா? மைனஸ் ஒட்டுகிறவர் அடுக்குக்குறிக்காரருக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் -2 என்று ஒட்டித்தான் மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் அதை வர்க்கம் பண்ணுவார். விடை 4. ஆமாம், டைனிஎக்ஸ்பரும் 4 என்றுதான் சொல்லும்!

"அடப்பாவி, அதுவும் அதே தப்பைத்தானே பண்ணுகிறது, அதை எதற்கு இவ்வளவு புகழ்கிறாய்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் என் கட்சி. அந்த லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் இதைப் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறார்கள். அடுக்குக்குறியை இடமிருந்து வலமாகத்தான் படிப்போம், மைனஸை முதலில் ஒட்டுவோம், தெரிந்தேதான் இப்படி வைத்தோம், விரிதாள்கள் செய்வதுபோல் செய்கிறோம் என்று. அதோடு நிற்கவில்லை. புத்தக வழக்கப்படி வலமிருந்து வேண்டும் என்பவர்களுக்குத் தொகுக்கும்போது போட ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார்கள். போட்டால் -2^2 என்பது -4, 2^3^2 என்பது 512. லாக் விஷயத்திலும் அப்படியே. சும்மா விட்டால் 10 அடிமானம், இன்னொரு சுவிட்சைப் போட்டால் இயல் மடக்கை. எது வேண்டும் என்று நீயே தேர்ந்தெடு, தேர்ந்தெடுத்ததற்கு நீயே பொறுப்பு. என் ஆசிரியரிடம் எனக்குக் கிடைக்காத பதில் ஓர் இலவச லைப்ரரியின் குறிப்பில் கிடைத்தது!

'சரியான விடை' என்ற ஒன்றை நான் இங்கே கேட்கவே இல்லை. 'எந்த விதிப்படி?' என்ற கேள்விக்குப் பதில் கேட்கிறேன்.

அடுத்த சண்டை, ஒற்றை வரிக் கட்சிக்காரர்களோடு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் ஒருவன். நல்லவன், கெட்டிக்காரன். வகுப்புச் சுற்றுலாவுக்கு யார் யார் எவ்வளவு செலவு பண்ணினார்கள் என்று பிரிக்க ஒரு பக்கம் எழுதினான். செலவுப் பெட்டியில் 450+120/2 மாதிரி அப்படியே அடிக்கலாம், அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். "எப்படிடா?" என்றேன். "ஒரே வரி மச்சான். இவால்" என்றான். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி மொழிகளில் இருக்கிற ஒரு வசதி அது. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் அந்த மொழியின் நிரலாகவே எடுத்துக்கொண்டு ஓட்டிவிடும். 450+120/2 என்பதும் பைத்தானில் நிரல்தானே, 510 என்று வந்துவிடும்.

இரண்டு நாளில் ஒரு ஜூனியர் பையன் செலவுப் பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு பைத்தான் கட்டளையை அடித்தான். பக்கம் ஓடிக்கொண்டிருந்த கணினியில் இருந்த கோப்புகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. நல்லவேளை, பையன் விளையாட்டுக்குப் பண்ணினான். அழிக்கச் சொல்லி அடித்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். காய்கறி வாங்கிவரச் சொல்லி, பணத்தோடு சேர்த்து பீரோ சாவியையும் கொடுத்து அனுப்பிய கதை. கூட்டல் போட வந்தவனுக்குக் கூட்டல் மட்டும் தெரிந்தால் போதாதா?

"சுற்றுலாக் கணக்குக்கு இவ்வளவு பில்டப்பா?" என்பவர்களுக்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ். யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று கணக்கு வைத்திருக்கிற நிறுவனம். அங்கே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. வழி எது? அவர்களுடைய ஒரு இணையதளம் ஓடிக்கொண்டிருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓஜிஎன்எல் என்று ஒரு கோவை மொழி உண்டு. கூட்டல் கழித்தலும் செய்யும், ஜாவா நிரலையும் கூப்பிட்டு ஓட்டும். வெளியிலிருந்து வந்த கோரிக்கையின் தலைப்பில் கன்னாபின்னா என்று ஏதாவது இருந்தால் பிழைச் செய்தி ஒன்றைத் தயார் செய்யும். அந்தப் பிழைச் செய்திக்குள் போன வெளியாளின் எழுத்தை, கோவை என்று நினைத்து மதிப்பிட்டுவிட்டது. அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது, அவர்கள் போடவில்லை. மே முதல் ஜூலை வரை திருட்டு. 2019-ல் செய்துகொண்ட சமரசத்தில் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். மதிப்பிடக் கூடாத ஓர் எழுத்தை மதிப்பிட்டதற்கு இந்த விலை.

எதிர்க்கட்சி இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கும். "உன் குட்டி லைப்ரரி மட்டும் பத்தினியா?" இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் எக்ஸ்பர்-இவால் என்று ஒரு குட்டி லைப்ரரி. இவாலைப் பயன்படுத்தாமல் பாதுகாப்பாகக் கணக்குப் போடத்தான் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். 2025 நவம்பரில் அதற்கே ஓர் எச்சரிக்கை வந்தது. மாறிகளோடு சேர்த்து உள்ளே அனுப்பப்படுகிற செயல்பாடுகளைச் சரிபார்க்காமல் ஓட்டிவிடுகிறது, அதன் வழியாக வேண்டாத நிரலை ஓட்ட முடியும் என்று. சின்னது என்பதாலேயே பத்திரம் என்று நான் சொல்லவில்லை. சின்னது என்றால் ஓட்டை எங்கே என்று ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியும். படிக்கட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரையும் விசாரிக்கலாம். ஒரு முழு மொழியையே உள்ளே விட்டால் யாரைப் போய் விசாரிப்பது?

அதேபோல் டைனிஎக்ஸ்பரைத் தூக்கிக்கொண்டு போய் வங்கிக் கணக்கு எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. அதுவும் மற்றவை போலத் தசம எண்களை இரும எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 0.1-ஐ இருமத்தில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. அதனால் 0.1+0.2 என்பது துல்லியமாக 0.3 ஆகாது, பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொள்ளும். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் கூட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்று, அங்கே % குறி சதவீதம் இல்லை, மீதி. 100%30 என்றால் 10. 100+10% என்று அடித்தால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். மூன்று விதமாகப் படிக்கக்கூடிய ஒன்றை ஏற்க மறுப்பது குறையா? எனக்கு அது நல்ல குணமாகவே படுகிறது.

மிச்சம் இருக்கிற ஆட்சேபங்களையும் முடித்துவிடுகிறேன்.

"எல்லா இடத்திலும் அடைப்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது, இதற்கு ஒரு பதிவா?" போடுங்கள், கட்டாயம் போடுங்கள், நானும் இப்போது போடுகிறேன். ஆனால் எங்கே போட வேண்டும் என்று தெரிய, எங்கே இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று தெரிய வேண்டும். தவிர, வேலைக்குப் போனால் முதல் நாளே நம் கையில் வருவது ஐந்து வருடத்துக்கு முன்னால் வேறு யாரோ எழுதிய ஷீட். அவர் அடைப்புக்குறி போடாமல் ரிசைன் பண்ணிவிட்டுப் போயிருப்பார்.

"எக்செல்லே மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" முடியாது. மாற்றினால் உலகம் முழுக்கப் பழைய ஷீட்கள் ஒரே ராத்திரியில் வேறு விடை சொல்லும். அவர்கள் மாற்றாமல் இருப்பதுதான் நியாயம். நாம் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் நியாயம் இல்லை.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் வேலை, பி.காம்.காரனுக்கு எதற்கு?" இதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவைக்கிற கேள்வி. நிரல் எழுதுவது அவன் வேலை, சரி. அந்த எண்ணின் கீழே கையெழுத்துப் போடுவது யார்? வட்டி, தேய்மானம், வரி, லாப விகிதம் என்று அந்த எண்ணை நம்பி ஒருவர் கடன் வாங்குவார், ஒருவர் கடை போடுவார். நாளைக்கு விடை தப்பு என்று தெரிந்தால் "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்று சொல்லப் போகிறோமா? அந்த பதிலைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை முறை கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறோம்! அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும் நாமும் அதையே சொல்லத்தான் மூன்று வருடம் படிக்கிறோமா?

அதனால் என் கோரிக்கைகள், சுருக்கமாக:

1. கணினித் தாளில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தச் செயல் முதலில் என்ற பட்டியலை, நாங்கள் பயன்படுத்துகிற மென்பொருளின் பட்டியலையே, கரும்பலகையில் எழுதுங்கள். பரீட்சையில் "-2^2 எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "எந்த விதிப்படி?" என்றும் கேளுங்கள்.

2. ஒரு ஷீட்டில் புதிய சூத்திரம் போட்டால், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஒத்துப்போனால்தான் மேலே.

3. மற்றவர்கள் சூத்திரம் அடிக்கிற பெட்டி வைக்கிற நண்பர்களே, இவால் வேண்டாம். படிக்கக்கூடிய, பராமரிப்பில் உள்ள ஒரு குட்டி லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குக்குறியையும் %-ஐயும் லாக்கையும் எப்படிப் படிப்பீர்கள் என்று பெட்டிக்குக் கீழே ரெண்டு வரி எழுதிவையுங்கள்.

4. தயவுசெய்து "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்று யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். அது பண்ணாமல் இருக்கலாம். அதற்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதனிடம் கேட்டவரும் மனிதர்கள்.

அந்த லேப் கதையின் மிச்சம்: அடுத்த வாரம் எக்ஸ் ஸ்கொயரைச் சுற்றி ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டு மறுபடி வரைந்தேன். மணி வந்தது. அந்தப் படத்தையும் பழைய கிண்ணத்தையும் பக்கம் பக்கமாக அச்செடுத்து ஆசிரியரிடம் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கணினியில் ஒரு கட்டத்தில் =-2^2 அடித்துப் பார்த்தார். "அட!" என்றார்.

மார்க் வரவில்லை. ஆனால் அடுத்த பேட்ச் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சியை ஆரம்பிக்கும்போது முதலில் கரும்பலகையில் அதைத்தான் எழுதிப் போட்டாராம். ஜூனியர் சொன்னான். ரெண்டு மார்க்குக்கு அது போதும்.